துணைவியின் பெயர்

இன்னாசிமுத்துவின் கையில் இருக்கிற டோக்கன் அறுபத்தொன்று, உள்ளே இப்போது கூப்பிட்டது முப்பத்தெட்டு, ஆக இடையில் இருபத்திரண்டு கிழடுகள் தாங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று கவுண்டர் பெண்ணிடம் ஒப்பித்தாக வேண்டும், அப்புறம்தான் இவர் முறை. வருஷத்துக்கு ஒரு தடவை கருவூலத்துக்கு வந்து, இந்தா பார் நான் சாகவில்லை என்று முகத்தைக் காட்டினால்தான் பென்ஷன். இதற்கு நேர்காணல் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. முப்பத்தோரு வருஷம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவனை சர்க்கார் நம்பாது, பெருவிரலை வை என்று சொல்லும். சொல்லட்டும், இவர் மட்டும் சர்க்காரை நம்பிக் கிழித்துவிட்டாராக்கும். இன்னாசிமுத்து எதைத்தான் நம்பினார்? பால்காரன் பாலை நம்பமாட்டார், பஸ் கண்டக்டர் கொடுக்கிற சில்லறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், கோயிலில் ஃபாதர் புதுக்கூரைக்கு நன்கொடை கேட்டால் பழைய கூரைக்கு என்ன கேடு வந்தது என்று பூசை முடிந்த கையோடு கேட்டு ரெஜினாவின் மானத்தை வாங்குவார். அப்படிப்பட்டவர் சட்டைப் பையில் இப்போது ஒரு ஃபாரம் மடித்துக் கிடக்கிறது, வாசல் ஜெராக்ஸ் கடையில் இரண்டு ரூபாய் கொடுத்து வாங்கியது, ஏன் வாங்கினாய் என்றால் சும்மாதான் வாங்கினேன், சும்மா வாங்கக்கூடாதா, அந்தக் கடைக்காரன்கூட ஒரு மாதிரி பார்த்தான், என்ன ஐயா கடைசியில் நீங்களுமா என்பது மாதிரி. ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கான விண்ணப்பம். பெயர், பிறந்த தேதி, கடைசியாக வேலை பார்த்த இடம், நாலாவதாகத் துணைவியின் பெயர். அந்த நாலாவது கட்டத்தோடுதான் மூன்று வருஷமாகச் சண்டை. காப்பீடு கட்டாயம் என்று ஒருநாள் ஆணை வந்தது, மாசம் பிறந்தால் பென்ஷனில் பிடித்துவிடுகிறான், உனக்கு விருப்பமா என்று ஒரு வார்த்தை கிடையாது. பிடிப்பதை இவரால் தடுக்க முடியவில்லை, ஃபாரம் கொடுக்காமல் இருக்க முடிந்தது. என் காசை நீ பிடுங்கலாம்டா, என் பெண்டாட்டி பேரை நானாகக் கொடுத்தால்தானே உண்டு. இதுதான் இன்னாசிமுத்துவின் போராட்டம். “காசும் போச்சு, அட்டையும் இல்ல, இதுக்குப் பேரு போராட்டமா?” என்று முதல் வருஷம் ரெஜினா கேட்டாள், ஒரே ஒரு தடவை, அப்புறம் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் எதையாவது ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டவளா அவள்? மூக்குத்தியை ஒன்பது வருஷம் கேட்டவள். இதை மட்டும் ஏன் விட்டாள்? இன்றைக்குத்தான் கடைசி நாள், இன்றைக்கு விட்டால் நாலு வருஷத்துக்குப் புதிதாகப் பெயர் சேர்க்க முடியாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறான். அதைப் படித்துவிட்டா ஃபாரம் வாங்கினார்? இல்லை, வாங்கிவிட்டுத்தான் படித்தார்.

மின்விசிறி சுற்றுகிறது என்று பேர், காத்தெல்லாம் அதிகாரி அறைக்கே போய்விடும் போலிருக்கிறது. பெஞ்சில் பக்கத்தில் வந்து விழுந்தான் சோலையப்பன், சுகாதாரத்துறை ஜீப் ஓட்டியவன், தடுப்பூசிப் பெட்டியோடு இவரும் அவனும் சுற்றாத கிராமம் இல்லை. “என்னண்ணே, இன்னும் கட்சி மாறலையா?” என்றான் வாயெல்லாம் பல்லாக. “நான் எதுக்குப்பா மாறணும்? மாறறவனெல்லாம் மாறிட்டுத்தான் இருக்கான்” என்றார் இவர், கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. சோலை உடனே மேல் பட்டன் இரண்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான், இது அவனுக்கு வழக்கம், எந்தக் கல்யாண வீட்டிலும் சாப்பாட்டுக்கு முன்னால் நெஞ்சைத் திறந்து அந்த நீளத் தழும்பைக் காட்டிவிடுவான். “இது எவன் குடுத்த உசிருண்ணே? பெரியாஸ்பத்திரியில எட்டு மாசம் கழிச்சு வான்னு சொல்லிட்டான். எட்டு மாசத்துல எனக்குத் திதியே குடுத்திருப்பாங்க. அட்டையை நீட்டினேன், மூணாம் நாள் அறுத்துத் தச்சிட்டான்.” அதுதானே பாயிண்டு, இன்னாசிமுத்துவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “பெரியாஸ்பத்திரியில ஏன் எட்டு மாசம் ஆச்சு? அதைக் கேளுடா முதல்ல. அங்க இருக்க வேண்டிய டாக்டரும் அங்க போக வேண்டிய காசும் எங்க போச்சு? நம்ம பென்ஷன்ல பிடிச்சு, கம்பெனிக்குக் குடுத்து, கம்பெனி தன் பங்கை எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தனியார்காரன்கிட்ட குடுத்து, அவன் உன்னை அறுக்கணும். நேரா சர்க்கார் ஆஸ்பத்திரியில வச்சு அறுத்தா என்ன, கத்தி வெட்டாதா? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதை.” சோலை பட்டனைப் போட்டுக்கொண்டே சிரித்தான். “எந்தப் பிள்ளையாரோ, தேங்காய் மூடி எனக்குக் கிடைச்சுதுல்ல” என்றான். இவனுக்குக் கம்பெனிக்காரன் ஏதாவது கொடுக்கிறானோ? போகிற இடமெல்லாம் சட்டையைக் கழற்றுகிறான் என்றால் சும்மாவா? ஒருவேளை அறுத்ததே தேவையில்லாமல் இருந்தால்? வாய்வுப் பிடிப்புக்கு அறுத்து அடைப்பு என்று சொல்லியிருந்தால் இவனுக்குத் தெரியவா போகிறது? ஆனால் அன்றைக்கு இவன் கருவூல வாசலில் வியர்த்து விழுந்தபோது நாடியைப் பிடித்துப் பார்த்தவர் இன்னாசிமுத்துதான். அது வாய்வு இல்லை என்று அவருக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் சிந்தனை ஒரு முட்டு முட்டித் திரும்பிக்கொண்டது.

நாற்பத்தொன்று. ஒரு அம்மாளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகிறார்கள், கை ரேகை விழவில்லையாம், விரலை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள். இன்னாசிமுத்துவுக்கு அந்த விரலைப் பார்த்ததும் தன் சன்னல் ஞாபகம் வந்தது. சன்னல் என்றால் மருந்து கொடுக்கும் சன்னல், ஒரு முழ அகலம், அந்தப் பக்கம் கை மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. வெங்காயம் நறுக்கின கை, சுண்ணாம்பு அரித்த கை, தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளின் மஞ்சள் ஒட்டிய கை. கையைப் பார்த்தே ரத்தம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வார். ஊரில் எல்லோருக்கும் கம்பவுண்டர் ஐயா. காகிதப் பையில் மாத்திரையைப் போட்டு மேலே ஒன்று சைபர் ஒன்று என்று எழுதி, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு ஆத்தா என்று ஒவ்வொருத்திக்கும் சொல்லி அனுப்புவார். மாசம் இருபதாம் தேதிக்கு மேல் சாதாரண காய்ச்சல் மாத்திரை இருக்காது, கேட்டால் நிதி இல்லை என்பான். அதே ஆபீஸ்தான் மார்ச் மாசம் வந்தால் பேயாட்டம் ஆடும், முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடுமாம், வாங்கு வாங்கு எதையாவது வாங்கு. ஒரு மார்ச்சில் எல்லாம் பெரிய சைஸ் கையுறையாக வந்து இறங்கியது, இங்கே இருக்கிற நர்ஸுகள் எல்லாம் குருவிக் கை. இன்னொரு மார்ச்சில் ஸ்கேன் மெஷின், மாலை போட்டு ரிப்பன் வெட்டி பேண்டு வாத்தியம் வைத்துத் திறந்தார்கள், அதை ஓட்டுகிற ஆளுக்கு மட்டும் வேலை உத்தரவு வரவில்லை. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் ஆறு வருஷம் நின்றது, அது வந்த மரப்பெட்டியை எடுத்துப்போய் சூப்பரிண்டு கோழிக்கூடு செய்துகொண்டார், அந்த மொத்தச் செலவில் உருப்படியாகப் பயன்பட்டது அந்தக் கோழிக்கூடு ஒன்றுதான். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே. அப்படி அள்ளி இறைத்தவன் இப்போது உன் நெஞ்சுக்கு நான் பொறுப்பு, கொடு காசை என்கிறான், கட்டாயம் என்கிறான், ஆடு நனையுதே என்று ஓநாய் அழுகிறது. இன்னாசிமுத்து மனு எழுதிப் போட்டார். ஐயா, காப்பீடு வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் என்ற சொல்லை எடுங்கள், வேண்டியவன் சேரட்டும், என் பங்கை எங்கள் ஊர் ஆஸ்பத்திரி மருந்துச் சன்னலுக்கே கொடுங்கள். பதினாலு மாசம் கழித்துப் பதில் வந்தது, ஒரே வரி, விதிகளில் இடமில்லை. அந்தக் கடிதத்தை ரெஜினாவிடம் படித்துக் காட்டினார், அவள் அப்போது படுக்கையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள், ம் என்றாள், ம் என்றுவிட்டு அலமாரியிலிருந்து இன்னொரு தலையணையை எடுத்தாள். மூன்றாவது தலையணை.

கழுத்து வலி என்றாள். கழுத்து வலிக்கு யாராவது தலையணையைக் கூட்டுவார்களா, குறைப்பார்களா? சரி, அவளுக்கு அப்படித் தோன்றியிருக்கும், பஞ்சு அமுங்கியிருக்கும், இலவம்பஞ்சு என்று சொல்லிக் கடைக்காரன் எதைத் திணித்தானோ, எல்லாம் கலப்படம். நாற்பத்தைந்து. இந்த டோக்கன் மெஷினை வாங்க எவ்வளவு செலவழித்திருப்பான், கையால் எழுதிக் கொடுத்தால் ஆகாதா? முன்னால் இருந்த பெரிய டாக்டர், நல்ல மனுஷன், செத்துப்போனார், அவர்தான் சொல்லிக்கொடுத்தார், சன்னலுக்கு வருகிற பொம்பளைகள் நெஞ்சு நோவு என்று சொல்லமாட்டார்கள் இன்னாசி, அசதி என்பார்கள், நீ ஒன்றே ஒன்று கேள், ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறாய் என்று கேள். எத்தனை பேரிடம் கேட்டிருப்பார். ரெண்டுய்யா. மூணுய்யா, மூணு வச்சும் மூச்சு முட்டுதுய்யா, எந்திரிச்சு உக்காந்துக்கிறேன். மூன்று என்றால் சீட்டின் மூலையில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு உள்ளே அனுப்புவார். அது நோயாளிகளுக்கு. ரெஜினா நோயாளியா? அவளுக்குக் கழுத்து வலி. கோயிலில் எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அது முட்டி, அறுபத்து மூன்று வயசில் முட்டி வலிக்காதா? பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவள் இப்போது பின்வரிசைக்குப் போய்விட்டாள் என்றால் சின்னப் பெண்களுக்கு இடம் விடுகிறாள், அவள் குணம் அப்படி, பாட்டு நடுவில் அவள் வாய் அசைகிறது சத்தம் வரவில்லை என்று இவருக்குத் தோன்றியதுகூட ஸ்பீக்கர் கோளாறாக இருக்கும், போன வருஷம்தான் நன்கொடை வாங்கிப் புதுசு வைத்தார்கள், இவர் கொடுக்கவில்லை. செபப்புத்தகத்துக்குள் ஒரு காகிதப் பை இருந்ததே. அதன்மேல் அவள் கையால் ஒன்று சைபர் சைபர் என்று எழுதியிருந்தாளே. பிரித்துப் பார்த்தார், சின்னதாய் வெள்ளையாய்ப் பத்துப் பன்னிரண்டு மாத்திரை, அட்டையிலிருந்து உரித்துப் போட்டது, பெயர் தெரியக்கூடாது என்றே உரித்துப் போட்டது. சின்னதாய் வெள்ளையாய் உலகத்தில் ஆயிரம் மாத்திரை இருக்கிறது. இன்னாசிமுத்து முப்பத்தோரு வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு தடவியே எது எந்த மாத்திரை என்று சொல்லியிருக்கிறார், பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறார். அன்றைக்கு மட்டும் இது ஏதோ சத்து மாத்திரை என்று சொல்லி, பையை மடித்து, எடுத்த பக்கத்திலேயே வைத்துவிட்டார். எதையும் நம்பாதவர், அதை நம்பினார். ஏன் நம்பினாய், ஏன்டா நம்பினாய், என்று யாரோ உள்ளே கேட்டார்கள், இவர் நாற்பத்தெட்டு என்று பலகையை வாய்விட்டுப் படித்தார்.

“எண்ணிக்கிட்டே இருந்தா வேகமா வந்திருமாண்ணே?” என்றான் சோலை. அப்புறம் அவனாகவே, “மதினி எப்படி இருக்காங்க, மெலிஞ்சுட்டாங்களே” என்றான். எங்கே பார்த்தாய் என்றார் இவர். “மதுரை பஸ்ல பார்த்தேன். போன மாசமும் பார்த்தேன், அதுக்கு முந்தியும் பார்த்தேன். நான் செக்கப்புக்குப் போற பஸ்தான்.” அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள், வாடிப்பட்டியில் அவளுக்கு அக்கா இருக்கிறாள் என்று இவர் சொன்னார். “இருக்கும்ணே” என்றான் சோலை, சொல்லிவிட்டு மேற்கொண்டு ஏதோ வந்த வார்த்தையை முழுங்குகிற மாதிரி தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். என்னத்தை முழுங்குகிறான்? வாடிப்பட்டிக்குப் போகிறவள் வாடிப்பட்டியில் இறங்கினாளா என்று கேட்டால்? கேட்கக்கூடாது, பெண்டாட்டியைப் பற்றி ஊரானிடம் உளவு கேட்கிற அளவுக்கு இன்னாசிமுத்து தாழவில்லை. ஆனால் அவள் மறைக்கிறாள். எதையோ மறைக்கிறாள். ஓசூரிலிருந்து மகள் ஃப்ளாரன்ஸ் போன் பண்ணினால் கொல்லைப்பக்கம் எடுத்துப்போய்ப் பேசுகிறாள், இவர் செருப்புச் சத்தம் கேட்டால் சரிம்மா வைக்கிறேன் என்கிறாள். வர்ற புதன்கிழமை போய்ப் பத்து நாள் அக்கா வீட்டில் தங்கப்போகிறாளாம், பத்து நாளைக்கு ரசப்பொடியும் ஊறுகாயும் தயாராக வைத்திருக்கிறாள், பத்து நாளுக்கு மூன்று ஜாடி ஊறுகாய் எதற்கு? காலையில் இவர் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள், வாசல்வரை வருவதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அங்க போய் யார்கிட்டயும் மல்லுக்கட்டாதீங்க. அந்தப் பொண்ணு என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லிட்டு வாங்க.” எந்தப் பொண்ணு? கருவூலத்தில் இருப்பது பொண்ணு என்று இவளுக்கு யார் சொன்னது? போன வருஷம் இருந்தது மீசை வைத்த ஆள். அப்பவே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள், போட்ட விரல் சில்லென்று இருந்தது, நகம் லேசாக நீலம் பாரித்திருந்தது, விறகடுப்புக் கரி பிடித்த பாத்திரம் கழுவியிருப்பாள். மாதாவே. என்ன உளறல் இது, விறகு ஏது வீட்டில், கேஸ் அடுப்பு வந்து இருபத்தைந்து வருஷமாகிறது.

நீலம். சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு கை மட்டும் நீளுகிறது, நகம் நீலமாக இருக்கிறது, முகம் தெரியவில்லை, இன்னாசிமுத்து என்ன செய்திருப்பார்? சிவப்புக் கோடு போட்டு, ஓடு ஆத்தா டாக்டர்கிட்ட ஓடு என்று கத்தியிருப்பார். வேறு யார் கை என்றாலும் கத்தியிருப்பார். பயம் வந்துவிட்டது. இத்தனை நேரமும் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது பயமாகத்தான் இருந்திருக்கிறது, மூன்று வருஷமாக வாய் கிழியப் பேசியதில் பாதி நியாயம், பாதி இந்தப் பயம் காதில் விழக்கூடாது என்று போட்ட சத்தம். நியாயம் நியாயம்தான், அதை இப்பவும் விடமாட்டார், அந்தக் கட்டாயம் அக்கிரமம்தான், எவன் வந்து கேட்டாலும் சொல்வார். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு ரெஜினாவை எந்த ஆஸ்பத்திரிப் படியில் ஏற்றுவது? அம்பத்தாறு. “சோலை, பேனா இருக்கா?” என்றார். சோலை ஒன்றும் கேட்காமல் கொடுத்தான், அவன் கேட்காமல் கொடுத்தது இவருக்கு இன்னும் திகிலாக இருந்தது, இவனுக்கு எல்லாம் தெரியுமோ, ஊருக்கே தெரியுமோ? ஃபாரத்தைத் தொடைமேல் வைத்து விரித்தார், வியர்வையில் மடிப்பு நைந்திருந்தது. தன் பெயரை எழுதினார், பிறந்த தேதியை எழுதினார், வேலை பார்த்த இடத்தை எழுதினார். நாலாவது கட்டத்தில் பேனா நின்றது. எழுதிவிட்டால் அவன் ஜெயித்தான் என்று அர்த்தம். யார் அவன்? அவனுக்கு முகம் கிடையாது, கட்டாயம் என்று எழுதிய கை மட்டும்தான். அந்தக் கைக்கு ரெஜினாவும் ஒன்றுதான் கோழிக்கூடும் ஒன்றுதான். எழுதுடா. முதல் எழுத்தைப் போட்டார், பேனா மை விடவில்லை, உதறினார், அதற்குள் அறுபத்தொன்று, அறுபத்தொன்று யாரு, ஐயா உங்களைத்தான்.

கவுண்டரில் பெயர்ப்பலகை செண்பகலட்சுமி என்றது, மகள் வயசுதான் இருக்கும், கண்ணில் தூக்கம் கட்டியிருந்தது. பெருவிரலை வைத்தார், இயந்திரம் ஒப்புக்கொண்டது, இவர் உயிரோடு இருக்கிறார். பாதி எழுதிய ஃபாரத்தை நீட்டுவதா வேண்டாமா என்று கையில் கசக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “காப்பீட்டு அட்டை உங்களுக்குத் தை மாசமே போட்டாச்சே ஐயா. துணைவியார் ரெஜினா, பேர் சேர்ந்திருக்கு.” இவர் புரியாமல் பார்த்தார். “ஒரு தடை மட்டும் இருக்கு. ஆஸ்பத்திரியில இருந்து இதய வால்வு ஆப்பரேஷனுக்கு அனுமதி கேட்டிருக்காங்க, வர்ற வியாழக்கிழமைக்கு. ஃபாரத்துல இருக்கிற கையெழுத்தும் பென்ஷன் புத்தகத்துல இருக்கிற கையெழுத்தும் ஒத்துவரலைன்னு கம்பெனியில நிறுத்தி வச்சிருக்காங்க. நீங்க உறுதிப்படுத்தணும்.” தை மாசமா? ஃபாரமா? இவர் கொடுக்கவே இல்லையே. ஒரு நொடி இன்னாசிமுத்துவுக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது. சிக்கினான்டா! மூன்று வருஷமாக எதைச் சொன்னாரோ அது. “பாத்தீங்களாய்யா, எல்லாரும் பாத்துக்கோங்க!” என்று கூடத்தைப் பார்த்துத் திரும்பிக் கத்தினார். “நான் ஃபாரமே குடுக்கலை. என் பேர்ல ஒருத்தன் குடுத்திருக்கான். நடக்காத ஆப்பரேஷனுக்கு என் பெண்டாட்டி பேர்ல காசு உருவப் பாக்கிறான். கேழ்வரகுல நெய் வடியுதுன்னு சொன்னா நம்புனீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?” பெஞ்சுகளில் முணுமுணுப்பு கிளம்பியது. சோலை எழுந்து வந்து, “அண்ணே, வேண்டாம்ணே, சத்தம் போடாதீங்க” என்று கையைப் பிடித்தான், இவர் உதறினார், விடு, போலீசுக்கே போறேன், எங்க, அந்த ஃபாரத்தைக் காட்டும்மா, எந்தக் களவாணிப்பயன்னு பார்க்கிறேன்.

அந்தப் பெண் திரையை இவர் பக்கம் திருப்பினாள். போட்டோ ஒட்டியிருந்தது. நாற்பதாவது கல்யாண நாளுக்கு ஃப்ளாரன்ஸ் எடுத்த படம், இரண்டு பேரையும் சேர்த்துக் கத்தரித்திருந்தது, இவர் தோளில் மட்டும் யாரோ ஒரு பேரப்பிள்ளையின் விரல்கள் மிச்சமிருந்தன. நாலாவது கட்டத்தில் ரெஜினா என்று ரெஜினாவின் எழுத்து, பால் கணக்கு நோட்டிலும் செபப்புத்தகத்திலும் பார்க்கிற அதே உருண்டை எழுத்து. கீழே இன்னாசிமுத்து என்ற கையெழுத்து. இவர் கையெழுத்து ஒரே இழுப்பில் போய் முடியும், மருந்துச் சீட்டில் போட்டுப் போட்டு வந்த வேகம் அது. இது அப்படி இல்லை, அழுத்தி அழுத்தி, ஒரு பிள்ளை கோலத்தின்மேல் கோலம் போடுகிற மாதிரி எழுதியிருந்தது. நடுவில் இரண்டு இடத்தில் பேனா நின்றிருந்தது, நின்று, எடுத்து, மறுபடி வைத்த புள்ளி மை கனத்துத் தெரிந்தது. அவள் எழுதும்போது மூச்சு வாங்கியிருக்கிறாள். ஒரு பெயரை ஒரே மூச்சில் எழுத முடியாமல் இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறாள். இந்தப் படியில் ஏறி, இந்த வரிசையில் நின்று, இந்தக் கவுண்டரில் கைவைத்து, இவருக்குத் தெரியாமல் உயிரோடு இருப்பதற்கு ஒரு வழி தேடியிருக்கிறாள், இவரிடம் கேட்டால் கிடைக்காது என்று.

“உங்க கையெழுத்து இல்லைன்னா சொல்லுங்க ஐயா” என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. “ரத்து பண்ணிருவாங்க, புகாரும் பதிவு பண்ணணும். யாரு கொண்டுவந்து குடுத்தாங்கன்னு எனக்கு ஞாபகம் இல்ல.” இதைச் சொல்லும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை, இவர் கண்ணைப் பார்த்தாள். பின்னால் கூடமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் களவாணியைப் பிடித்துவிட்டார், பேரைச் சொல்லப்போகிறார். இன்னாசிமுத்து கூடத்துக்கு முதுகைக் காட்டிக் கவுண்டர்மேல் குனிந்தார். “என்னோடதுதாம்மா” என்றார். “சத்தமா சொல்லுங்க ஐயா, கேட்கல.” “என் கையெழுத்துதான். நான்தான் போட்டேன். மறந்துட்டேன்.” முணுமுணுப்பு சிரிப்பாக மாறியது, வயசாச்சுல்ல என்று யாரோ சொன்னார்கள், மூன்று வருஷம் மனு போட்ட மனுஷனைப் பாரு என்று இன்னொருத்தர். சிரிக்கட்டும். அந்தப் பெண் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தாள். “வயசானதுல கையெழுத்து மாறிப்போச்சுன்னு நான் எழுதி அனுப்பிடறேன். இதுல மூணு தடவை, ஃபாரத்துல இருக்கிற மாதிரியே போட்டுக் குடுங்க. கொஞ்சம் மாறினாலும் திருப்பிருவான். இனிமே பென்ஷனுக்கும் இதுதான் உங்க கையெழுத்து, பரவாயில்லையா?” ஆமாம் என்று தலையாட்டினார். பேனாவை எடுத்ததும் கை பழக்கத்தில் ஒரே இழுப்பாக ஓடிவிட்டது, அது செல்லாது ஐயா என்று அவள் தாளைக் கிழித்துப்போட்டு வேறு தாள் கொடுத்தாள். இன்னாசிமுத்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். மெதுவாக, அழுத்தி, தன் பெயரை ரெஜினா எழுதியது போல எழுத ஆரம்பித்தார், அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தினார், அவள் மூச்சு வாங்கி முடிக்கிறவரைக்கும் பொறுத்திருந்து, மறுபடி பேனாவை வைத்தார்.